எஞ்சின் சைக்கிளும் மூச்சுத்திணறலும்: கேள்வி பதில்

சைக்கிளில் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் மாட்டி ஓட்டுபவர்கள், அப்பா காலத்து மொபெட்டை விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் என இரு தரப்பினரின் கேள்விகளும் கடைசியில் கார்ப்பரேட்டரில்தான் வந்து முட்டுகின்றன. ஒரு சின்னப் பித்தளை ஜெட், ஓர் ஊசி, ஒரு மிதவை. இவ்வளவையும் வைத்துக்கொண்டு அது செய்கிற வேலை பெரிது. ஆகவே இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே.

கேள்வி: என் சைக்கிளில் 80 சிசி கிட் எஞ்சின் இருக்கிறது. பெரிய கார்ப்பரேட்டர் போட்டால் வேகம் கூடுமா?

பதில்: முதலில் அந்த 80 சிசியைச் சரிபார்த்துவிடலாம். இந்த எஞ்சின்களில் சிலிண்டரின் விட்டம் 47 மி.மீ., ஸ்ட்ரோக் 38 மி.மீ. பெருக்கிப் பார்த்தால் 66 சிசி வருகிறது. மீதி 14 சிசி அட்டைப்பெட்டியின் மேல் மட்டும்தான் ஓடுகிறது.

இனி கார்ப்பரேட்டர். டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்பவை சிலிண்டரில் உள்ள போர்ட்டுகளும் சைலன்சரும். கார்ப்பரேட்டர் கணக்குப்பிள்ளை மாதிரி. வந்த காற்றுக்கு ஏற்ற பெட்ரோலை அளந்து கொடுப்பது அதன் பொறுப்பு; வரவைக் கூட்டுவது அதன் கையில் இல்லை. போர்ட் பழைய அளவிலேயே இருக்க, கார்ப்பரேட்டரின் வாய் மட்டும் அகலமானால் அதன் வழியே போகும் காற்றின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் ஜெட்டிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும் இழுப்பும் குறையும். மெதுவாகப் போகும்போது திணறல், சிக்னலில் கிளம்பும்போது பிக்கப் இல்லாமை, இவைதான் பெரிய கார்ப்பரேட்டர் தரும் முதல் பரிசு. போர்ட்டையும் சைலன்சரையும் மாற்றியவருக்குப் பெரிய வாய் பயன்படும். மற்றவர்கள் இருப்பதைச் சரியாக ட்யூன் செய்தாலே, பணம் கொடுத்து வாங்க நினைத்ததில் பாதி கிடைத்துவிடும்.

கேள்வி: ஜெட்டின் மேல் 70 என்று போட்டிருக்கிறது. 80 போட்டால் பத்து சதவீதம்தானே கூடும்?

பதில்: இல்லை. பல கார்ப்பரேட்டர்களில் 70 என்றால் துளையின் விட்டம் 0.70 மி.மீ. என்று பொருள். பெட்ரோல் பாய்வது துளையின் பரப்பைப் பொறுத்தது. பரப்போ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 70-லிருந்து 80-க்குத் தாவினால் பரப்பு ஏறக்குறைய 30 சதவீதம் கூடிவிடும். ஆகவே இரண்டிரண்டு எண்ணாக நகர்வதுதான் விவேகம். சில நிறுவனங்கள் துளையின் அளவை எண்ணாகப் போடாமல், பாயும் அளவைப் போடுகின்றன. ஒரு கம்பெனியின் 70-ஐ இன்னொரு கம்பெனியின் 70-க்குப் பதிலாக மாட்டக் கூடாது.

அடைப்பு எடுப்பதற்காக ஜெட்டில் கம்பியை விட்டுக் குடையும் வழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் ஒழியவே மாட்டேன் என்கிறது. பித்தளை மிருதுவானது. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அளவுக்கு நுணுக்கமாகத் துளைத்ததை இரும்புக் கம்பி ஒரு நொடியில் கெடுத்துவிடும். பெட்ரோலில் ஊறவைத்துக் காற்று அடித்தால் போதும்.

கேள்வி: ட்யூனிங்கை எந்த ஸ்க்ரூவில் தொடங்குவது?

பதில்: ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்பே தொடங்க வேண்டும். கார்ப்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள கேஸ்கட், கார்ப்பரேட்டரைக் குழாயோடு இறுக்கும் கிளாம்ப், இந்த இரண்டிலும் காற்று கசிகிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் ஐடிலிங்கில் இருக்கும்போது அந்த இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால், கசிவு இருக்கும் இடத்தில் சத்தம் மாறும். பெட்ரோல் தெளித்துப் பார்க்கும் பழக்கம் தீ விபத்தில் கொண்டு விடும், கூடவே கூடாது. கிட் எஞ்சின்களோடு வரும் என்டி வகைக் கார்ப்பரேட்டரில் கிளாம்ப் இருக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் கசியும். உள்ளே ஒரு ரப்பர் வளையம் வைத்து இறுக்கினால் தீர்ந்துவிடும். கசிவை அடைக்காமல் ஜெட் மாற்றுபவர், எஞ்சினை விட்டுவிட்டு ஓட்டையைத்தான் ட்யூன் செய்துகொண்டிருக்கிறார்.

அடுத்தது மிதவை. பெட்ரோல் மட்டம் ஏறினால் எல்லாமே ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆகும், இறங்கினால் எல்லாமே லீன் (பெட்ரோல் குறைவு) ஆகும். அதன்பின் மெயின் ஜெட், ஊசி, கடைசியில் ஐடிலிங். ஆக்சிலேட்டர் முக்கால் அளவுக்கு மேல் திறந்திருக்கும்போது மெயின் ஜெட் பேசும். கால் முதல் முக்கால் வரை ஊசி பேசும். ஆரம்பத் திறப்பில், காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடின் வெட்டு. ஆக்சிலேட்டர் பிடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று குறித்துக்கொண்டு ஓட்டினால் கோளாறு எந்தப் பகுதியில் என்பது தானே தெரியும்.

முழு ஆக்சிலேட்டரில் ‘புடுபுடு’ என்று ஒன்றுவிட்டு ஒன்று வெடிப்பது போல ஓடினால் பெட்ரோல் அதிகம். ஜெட் எண்ணைக் குறைக்கலாம். அதே நிலையில் சோக்கைக் கொஞ்சம் இழுத்ததும் வண்டி உற்சாகமாக ஓடினால் பெட்ரோல் போதவில்லை. எண்ணைக் கூட்ட வேண்டும். எப்போதும் ரிச் பக்கத்திலிருந்து இறங்கி வருவதே பாதுகாப்பு. ரிச்சானால் புகையும் செலவும்தான். லீனானால் சூடு ஏறும். அலுமினியப் பிஸ்டன் வார்ப்பிரும்புச் சிலிண்டரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியக்கூடியது. விரிந்து சுவரைப் பிடித்துக்கொண்டால் எஞ்சின் சீஸ்.

ஊசியில் பலர் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள். ஊசியைப் பிடிக்கும் லாக்கை மேல் பள்ளத்துக்கு ஏற்றினால் ஊசி கீழே இறங்கும், பெட்ரோல் குறையும். லாக்கை இறக்கினால் ஊசி ஏறும், பெட்ரோல் கூடும். என்டி கார்ப்பரேட்டரில் ஐடிலிங்குக்குத் தனி ஸ்லோ ஜெட் இல்லை. பக்கத்தில் உள்ள ஸ்க்ரூ ஸ்லைடைத் தூக்கிப் பிடிக்க மட்டுமே உதவும். அதைத் திருகிக் கலவையைச் சரிசெய்ய முயல்வது வீண் வேலை.

கேள்வி: கழற்றிப் பார்த்தால் பிளக் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. எஞ்சின் அவ்வளவு சுத்தமா?

பதில்: அவ்வளவு சூடு. பால் கலந்த காபி நிறம்தான் நல்ல அடையாளம். கறுத்து ஈரமாக இருந்தால் ரிச். வெள்ளையாக இருந்தால் ஜெட்டைப் பெரிதாக்கும்வரை வண்டியை விரட்டக் கூடாது. பார்க்கும் முறையும் முக்கியம். முழு வேகத்தில் சிறிது தூரம் ஓட்டி, அப்படியே கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்துவிட்டுப் பிளக்கைக் கழற்ற வேண்டும். வீடுவரை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து பார்த்தால் அது ஐடிலிங்கின் நிறம்.

கேள்வி: பாதுகாப்புக்காக 2டி ஆயிலைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றுகிறேன். நல்லதுதானே?

பதில்: மனசு நல்லது, கணக்கு உதைக்கிறது. 50:1 கலவைக்கு ஒரு லிட்டர் பெட்ரோலில் 20 மில்லி ஆயில்; 25:1-க்கு 40 மில்லி. ஜெட்டின் துளை மாறாது. அதன் வழியே ஆயில் கூடுதலாகப் போனால் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையும்; கலவையும் கெட்டியாகிப் பாய்ச்சல் மந்தமாகும். பாதுகாக்க ஊற்றிய ஆயிலே எஞ்சினை லீன் பக்கம் தள்ளும். எஞ்சின் தயாரித்தவர் சொன்ன விகிதத்தில் நின்று, அதற்கேற்ற ஜெட்டை வைப்பதே முறை. விகிதத்தை மாற்றினால் ஜெட்டையும் மறுபடி பார்க்க வேண்டும்.

கேள்வி: மேட்டுப்பாளையத்தில் பறக்கும் என் பழைய மொபெட், ஊட்டியில் புகை கக்கி நகர்கிறது. மலைக்கு என்ன கோபம்?

பதில்: மலைக்குக் கோபமில்லை, காற்றுத்தான் குறைவு. ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஜெட் அதற்கேற்பத் தானாகச் சுருங்காது என்பதால் கலவை பத்தில் ஒரு பங்குக்கு மேல் ரிச் ஆகிவிடும். கீழே 70 ஜெட் சரியாக இருந்தால் மேலே 66 அல்லது 67 பொருந்தும். புகையும் திணறலும் நிற்கும். இழந்த பலம் முழுவதும் திரும்பாது, ஏனென்றால் இல்லாத காற்றை ஜெட்டால் கொண்டுவர முடியாது.

முக்கியமான எச்சரிக்கை இறங்கும்போதுதான். சிறிய ஜெட்டோடு சமவெளிக்கு வந்தால் எஞ்சின் லீன் ஆகும். இறங்கியதும் பழைய ஜெட்டை மாட்டிவிட வேண்டும். இன்னொன்று அதைவிட ஆபத்தானது. பெட்ரோலில் ஆயில் கலந்து ஓடும் எஞ்சினுக்கு ஆயில் போவதே பெட்ரோலோடுதான். கொண்டை ஊசி வளைவுகளில் ஆக்சிலேட்டரை முழுக்க மூடி, எஞ்சினின் பிடியிலேயே நெடுந்தூரம் இறங்கினால், பிஸ்டன் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் நின்றுபோகிறது. இடையிடையே ஆக்சிலேட்டரைச் சற்றுத் திறந்துவிட்டு இறங்குங்கள்.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபிறகு வண்டி முன்போல் இல்லை. பிரமையா?

பதில்: பிரமை இல்லை. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதம் கலந்த எரிபொருளுக்கு 13.5 கிலோ அளவில் வரும். பழைய ஜெட்டையே வைத்திருந்தால் கலவை சுமார் 8 சதவீதம் லீன் ஆகிவிடும். ஃப்யூயல் இஞ்செக்ஷன் வண்டிகள் இதைச் சென்சார் வைத்துத் தாமே சரிசெய்துகொள்ளும். கார்ப்பரேட்டருக்கு அந்தக் கண் இல்லை. ஓட்டுபவர்தான் பிளக்கைப் பார்த்து ஜெட்டை இரண்டு மூன்று எண் கூட்ட வேண்டும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். வாரக்கணக்கில் நிறுத்தும்போது பெட்ரோல் குழாயை மூடி, கார்ப்பரேட்டரில் உள்ள எரிபொருள் தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துவது நல்லது.

கேள்வி: அப்படியென்றால் கார்ப்பரேட்டரை மாற்றவே கூடாதா?

பதில்: ஊசியும் ஸ்லைடும் தேய்ந்து ஆடினால் தாராளமாக மாற்றலாம். கிட் எஞ்சின்காரர்கள் அதிகம் நாடுவது இத்தாலியின் டெலோர்ட்டோ எஸ்ஹெச்ஏ வகையையும் அதன் நகல்களையும். அதில் ஊசியே கிடையாது. தேய்வதற்கும் தவறாக மாட்டுவதற்கும் ஒரு பாகம் குறைவு. எல்லாப் பொறுப்பும் ஒற்றை மெயின் ஜெட் தலையில் விழுவதால் நடுத்தர வேகத்துக்கென்று தனியாகத் திருத்த முடியாது என்பது அதன் குறை. பியாஜியோவின் சியாவோ மொபெட்டில் இருந்தது இந்த வகைதான். 1972-ல் கைனடிக் நிறுவனம் கொண்டுவந்த லூனா அந்தச் சியாவோவின் இந்திய வடிவம். தினசரி ஓட்டத்துக்கு இந்த எளிமை போதும்.

கேள்வி: சைக்கிளில் எஞ்சின் மாட்டுவதெல்லாம் வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்கிறார் என் அண்ணன்.

பதில்: அண்ணனிடம் ஹோண்டாவைப் பற்றிச் சொல்லுங்கள். 1946-ல் ஜப்பானின் ஹமாமட்சுவில் சொய்சிரோ ஹோண்டா, போரில் மிஞ்சிய ராணுவ வயர்லெஸ் ஜெனரேட்டர்களின் சின்ன டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களை வாங்கிச் சைக்கிளில் பொருத்தினார். முதல் வண்டியின் பெட்ரோல் டேங்க், வீட்டில் இருந்த வெந்நீர்க் குடுவை. பெட்ரோல் தட்டுப்பாடு கடுமையாக இருந்ததால் பைன் மர வேரிலிருந்து எடுத்த எண்ணெயைக் கலந்து ஓட்டினார்கள். அந்த எண்ணெயில் எஞ்சின் எளிதில் கிளம்பாது. சூடாகும்வரை பெடலை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். வாங்கிய எஞ்சின்கள் தீர்ந்ததும் 1947-ல் தானே ஒரு 50 சிசி எஞ்சினைச் செய்தார். அதில் கார்ப்பரேட்டரைச் சிலிண்டரில் மாட்டாமல் கிராங்க் கேஸின் பக்கவாட்டில் வைத்தார். அது எழுப்பிய சத்தத்தை வைத்து ஜனங்கள் அதற்கு ‘பட்டபட்டா’ என்று பெயர் சூட்டினார்கள்.

கேள்வி: இதையெல்லாம் நம் ரோட்டில் ஓட்டலாமா?

பதில்: 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, நான்கு சக்கரங்களுக்குக் குறைவாகவும் 25 சிசிக்கு மிகாத எஞ்சினோடும் உள்ள வண்டி மோட்டார் வாகனம் என்ற வரையறைக்கு வெளியே நிற்கும். 66 சிசி அதற்குள் அடங்காது. பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் கேட்கப்படும். தனியார் இடத்தில் ஓட்டினாலும் சைக்கிளின் ரப்பர் கட்டை பிரேக்கை நம்பாமல், ஜெட் வாங்கும் முன்பே நல்ல பிரேக் வாங்குங்கள்.

அடுத்த இதழுக்குக் கார்ப்பரேட்டர் கேள்வி அனுப்புபவர்கள் ஜெட்டின் எண், ஆயில் விகிதம், பிளக்கின் நிறம், கோளாறு ஆக்சிலேட்டரின் எந்த அளவில் வருகிறது என்ற நான்கையும் சேர்த்து எழுதுங்கள்.