பீப் ஒலி இலக்கணம்

1981ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட பீ.சி.யின் உள்ளே ஏறத்தாழ இரண்டேகால் அங்குல விட்டமுள்ள ஒரு சிறு ஸ்பீக்கர் இருந்தது. அது இசைக்காக வைக்கப்பட்டது என்பதற்குச் சான்றுகள் அரிது, இயக்குபவர் செய்யும் தவறை அடுத்த மேசைக்காரருக்கும் அறிவிப்பதற்காக வைக்கப்பட்டது என்பதற்கோ சான்றுகள் ஏராளம். கணினியை இயக்கியதும் எல்லாம் நலம் என்று ஒரு பீப், கோளாறு என்றால் பல பீப்கள், கணினி திணறிக்கொண்டிருக்கும்போது பொறுமையிழந்து பதினைந்து விசைகளுக்கு மேல் தட்டிவிட்டால் ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு கண்டன பீப் என அதன் தொழில் வகுக்கப்பட்டிருந்தது. குறை சொல்வதற்கென்றே பிறந்த இக்கருவியைச் சிலர் பாடவும், துப்பாக்கி சுடவும், போலீஸ் சைரன் ஊதவும் வைத்த கலையே இங்கு ஆய்வுக்கு உரியது.

இவ்வாய்வுக்குப் பெங்களூரின் ஸ்ரீராம்புரத்தைத் தேர்ந்ததற்குக் காரணம், ஒரு சிறு பீப் ஒலி பிறருக்குக் கேட்பதற்கு அதைவிடக் கடினமான இடம் எளிதில் கிடைக்காது என்பதே ஆகும். தமிழ்க் குடும்பங்கள் நெருங்கி வாழும் இப்பகுதியின் ஒருபுறம் ரயில் பாதையும், மறுபுறம் ஆட்டோக்களும், ஆடி மாதத்தில் அம்மன் பெயரால் எல்லாத் திசைகளிலும் மைக் செட்டும் இயங்குவது வழக்கம். அருகிலுள்ள மல்லேஸ்வரத்தில், இன்று மந்திரி மால் நிற்கும் நிலத்தில், ஒரு காலத்தில் ராஜா மில் இயங்கிவந்தது. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு அறிவித்த புதிய கணினிக் கொள்கை இறக்குமதி வரியைத் தளர்த்திய பின்னர், இத்தகைய தெருக்களின் மாடி அறைகளுக்கும் பீ.சி. வந்து சேர்ந்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே நுழையும் அக்காலக் கணினி அறையில் தூசுக்கு அனுமதி இல்லை. பீப்புக்கு மட்டும் தடை இல்லை.

அந்த ஒலி பிறக்கும் முறை எளியது. இன்டெல் 8253 என்னும் டைமர் சிப், அதாவது துடிப்புகளை எண்ணும் மின்னணுச் சில்லு, நொடிக்கு 11,93,182 துடிப்புகளைப் பெறுகிறது. நிரல் எழுதுபவர் ஓர் எண்ணைக் கொடுத்தால் அத்துடிப்புகளை அவ்வெண்ணால் வகுத்து, கிடைக்கும் ஈவின்படி ஸ்பீக்கருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடுகிறது. 2,712 என்று கொடுத்தால் நொடிக்கு 440 முறை அதிரும் ஒலி, அதாவது மேற்கத்திய இசைக்குழுவினர் கருவிகளைச் சுருதி சேர்க்கும் ஒலி, கிடைக்கும். விசித்திரமான அந்தப் பதினொன்றே முக்கால் லட்சத்துச் சொச்சம், அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்காக வகுக்கப்பட்ட அதிர்வெண்ணின் வழியில் வந்தது என்பதால், ஸ்ரீராம்புரத்து மாடியில் எழுந்த ஒவ்வொரு பீப்பும் அமெரிக்கத் தொலைக்காட்சிக்குத் தூரத்து உறவுமுறையாகும். திறப்பு, மூடல் என்னும் இரண்டு நிலைகளே இருந்தமையால் எழுந்தது சதுர அலை. அதில் குழைவு கிடையாது. ஒரு நேரத்தில் ஒரு சுரமே ஒலிக்கும். சத்தத்தைக் குறைக்கத் திருகும் கிடையாது. குறைக்க விரும்பியவர் பெட்டியைத் திறந்து, தாய்ப்பலகையில் செருகியிருந்த நான்கு துளை இணைப்பியைப் பிடுங்க வேண்டியிருந்தது.

பேசிக் மொழி இச்சிப்பை எளியோர்க்கும் திறந்துவிட்டது. பீப் என்னும் கட்டளை 800 ஹெர்ட்ஸ் ஒலியைக் கால் நொடி எழுப்பியது. சவுண்ட் என்னும் கட்டளை 37 முதல் 32,767 ஹெர்ட்ஸ் வரை எந்த அதிர்வெண்ணையும், நொடிக்கு 18.2 முறை தட்டும் கடிகாரக் கணக்கில் எவ்வளவு நேரத்துக்கும் ஏற்றது. மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேளாது என்பதால், எஞ்சிய பகுதி தெருநாய்களின் நலன் கருதி ஒதுக்கப்பட்டதோ என்று ஐயுற இடமுண்டு. ஆனால் அவ்வளவு உயரத்தை எட்டும் வலிமை அந்தச் சிறு ஸ்பீக்கருக்கு இல்லாததால் நாய்களும் ஏமாந்தன. இரு சுரங்களுக்கிடையே மௌனம் வேண்டுமானால் 32,767 ஹெர்ட்ஸில் ஒலி எழுப்புக என்பதே அம்மொழியின் கையேடு சொன்ன வழி. யாருக்கும் கேட்காத உயரத்தில் கத்திக்கொண்டிருப்பதையே அமைதி என்று அழைக்கும் இம்மரபு, பின்னாளில் நிறுவனக் கூட்டங்களுக்கும் பரவியது.

சிறப்பொலிகளுக்கான சமையல் குறிப்புகள் அக்காலத்தில் கைக்குக் கை மாறின. அதிர்வெண்ணை 500இலிருந்து 1,500 வரை ஐம்பது ஐம்பதாக ஏற்றும் ஒரு லூப்பை, அதாவது திரும்பத் திரும்பச் சுழலும் கட்டளையை, எழுதி, பின்னர் அதே வழியில் இறக்கினால் போலீஸ் வாகனம். உயரத்திலிருந்து இறக்கி மட்டும் விட்டால் விழும் குண்டு. நிலையில்லாத எண்களைச் சிறு சிறு நேரத்துக்கு இறைத்தால் துப்பாக்கிச் சூடு. ஒரே குரலால் பல குரல் காட்ட வேண்டிய இடத்தில், மூன்று சுரங்களை மிக விரைவாக மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டுக் காதை ஏமாற்றும் ஆர்பெஜியோ என்னும் உத்தி கைகொடுத்தது. 1983இல் வெளியான டிக்கர் விளையாட்டு பாப்கார்ன் என்னும் புகழ்பெற்ற மெட்டை இச்சிறு ஸ்பீக்கரிலேயே ஓட்டிற்று. பின்னர் வந்த டேஞ்சரஸ் டேவ், இந்தியக் கணினி அறைகளில் பாடநூலைவிட அதிகம் பயிலப்பட்டது. மேற்பார்வையாளர் வருவதைக் கண்டதும் திரையை மாற்றிவிடலாம், ஆனால் தாவிக்கொண்டிருக்கும் டேவின் ஒலியை மாற்ற முடியாது என்பதால், காட்டிக்கொடுக்கும் பொறுப்பையும் ஸ்பீக்கர் திறம்பட நிறைவேற்றியது.

கர்நாடக இசைக்கு இக்கருவி எவ்வளவு உதவும் என்னும் வினாவும் எழாமல் இல்லை. பேசிக்கின் பிளே கட்டளை மேற்கத்தியச் சுரங்களையே அறியுமாதலால், மாயாமாளவகௌளையை வேண்டுபவர் சி, டி-ஃப்ளாட், ஈ, எஃப், ஜி, ஏ-ஃப்ளாட், பி என்று தட்டச்சு செய்ய, சரளி வரிசைக்கு வேண்டிய சுரங்கள் வந்துவிடும்; ஆனால் சுரங்கள் ஒன்றையொன்று முன்பின் பார்த்திராத அயலார் போல விலகியே நிற்கும். கமகம் வேண்டுமானால் சவுண்ட் கட்டளையை லூப்பில் இட்டு அதிர்வெண்ணை அசைக்க வேண்டும். அசைத்தபோது கிடைத்தது கமகமா, முன் சொன்ன போலீஸ் சைரனா என்பதில் கேட்டவர்களிடையே கருத்தொற்றுமை ஏற்படுவது அரிது. இதே பெங்களூரில் ஜி. ராஜ்நாராயண் மின்சுற்றுகளைக் கொண்டு தம்பூராவையே மீட்டி, ரேடல் என்னும் பெயரில் வித்வான்களின் மேடைக்கு அனுப்பினார் என்பதையும் இங்கு நினைவுகூர்வது நியாயம். அவர் சுருதிக்காகவே சுற்று அமைத்தார், பீ.சி.யோ கண்டனத்துக்காக அமைந்த சுற்றில் சுருதியைத் தேடியது.

டர்போ சி என்னும் மென்பொருள் வந்தபோது ஆபத்தும் உடன் வந்தது. அதில் சவுண்ட் என்னும் செயற்கூறு ஒலியைத் தொடங்கும், நோசவுண்ட் என்னும் செயற்கூறு நிறுத்தும். இரண்டாவதை எழுத மறந்தாலோ, அதை அடையுமுன் நிரல் நிலைகுலைந்தாலோ, நிரல் மடிந்த பின்னும் டைமர் சிப் தன் கடமையில் வழுவாது ஊளையிட்டுக்கொண்டே இருக்கும். நிறுத்தக் கற்குமுன் தொடங்கக் கற்றுக்கொண்ட மாணவர்களின் அறையில், மின்சுவிட்சே இறுதித் தீர்ப்பாயம். 4.77 மெகாஹெர்ட்ஸ் கணினிக்கென்று வெற்று லூப்களால் நேரம் கணக்கிட்டு எழுதிய ஒலிகள், விரைவான 386 கணினியில் பிறந்த கணமே முடிந்தன; அதற்கு மருந்தாகப் பெட்டியின் முகப்பில் அமைந்த டர்போ பொத்தான், பெயருக்கு மாறாக, வேகத்தைக் குறைக்கவே பயன்பட்டது.

1980களின் இறுதியில் அக்ஸஸ் சாஃப்ட்வேர் நிறுவனம், துடிப்புகளின் அகலத்தை மிக விரைவாக மாற்றினால் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு அவற்றைத் தனித்தனியே பின்தொடர முடியாமல் சராசரியைப் பிடித்துக்கொள்ளும் என்பதைப் பயன்படுத்தி, ரியல்சவுண்ட் என்னும் பெயரில் மனிதப் பேச்சையே ஒலிக்க வைத்தது. கருவியின் இயலாமையே இங்கு கலையின் மூலதனம். விண்டோஸ் 3.1க்குக் கிடைத்த ஸ்பீக்கர் இயக்கியும் இதைச் செய்தது. அது பேசும் வரை மவுஸ் அசையாது என்பதால், முதன்முறையாகக் கணினி பேச மனிதர் கைகட்டிக் கேட்கும் ஒழுங்கு நிலவியது.

இக்கலையின் சிறந்த மாணவர்களுள் வைரஸ் எழுதியவர்களும் அடங்குவர். 1980களின் இறுதியில் பரவிய யாங்கி டூடில் வைரஸ், மாலை ஐந்து மணிக்கு அமெரிக்க நாட்டுப்பாடல் மெட்டொன்றை ஸ்பீக்கரில் வாசித்தது. மில் சங்கைக் கேட்டு நேரம் அறிந்த தெருக்களில் இதை ஒரு நோயாகக் கருதுவது கடினம். ஐந்து மணிக்கு எழுந்திருக்கும் அலுவலக மரபில், அது ஊழியர் நலத் திட்டமாகவே தோன்றியிருக்க வேண்டும்.

முடிவு சிங்கப்பூரிலிருந்து வந்தது. கிரியேட்டிவ் நிறுவனத்தின் சவுண்ட் பிளாஸ்டர் அட்டை 1989இல் வெளியாகி, பின்னர் பெங்களூரின் எஸ்.பி. ரோடு கடைகளிலும் அத்தகைய அட்டைகள் மலிந்தபோது, பல குரலும் இசையும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் ஒருங்கே கிடைத்தன. விண்டோஸ் 7 பழைய பீப் கட்டளையையே ஒலியட்டைக்குத் திருப்பிவிட்டது. ஒற்றைக் குரல் இருந்தவரை, வெடிக்கும் குண்டா, ஓடும் காலடியா, எது இந்தக் கணத்தில் கேட்கப்பட வேண்டியது என்று நிரல் எழுதியவர் முடிவு செய்தாக வேண்டியிருந்தது. பல குரல் வந்ததும் அம்முடிவு எவருக்கும் தேவைப்படவில்லை. ஸ்ரீராம்புரம் மெட்ரோ நிலையத்தில் இன்று நிற்பவர், நால்வர் கையிலுள்ள நான்கு போன்களிலிருந்து நான்கு காணொளிகளை ஒரே நேரத்தில் கேட்கலாம். பழைய பீ.சி. ஸ்பீக்கருக்குச் சத்தத்தைக் குறைக்கும் வழி இல்லை என்பதால் அதன் குற்றங்கள் மன்னிக்கப்படும். போன் வைத்திருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லையாதலால், அன்பர்கள் ஹெட்போன் அணிவார்களாக.