பத்தியப் பெரியப்பா

தமிழ்க் குடும்பங்களின் எல்லாக் கிளைகளிலும் தவறாமல் காணப்படும் உறவினர் வகைகளுள் பத்தியப் பெரியப்பா தனித்து ஆராயத்தக்கவர். பிறர் முகத்தில் பருவைக் கண்ட மாத்திரத்தில், அதற்குக் காரணமான உணவு இன்னதென்று அறிவித்து, அதை அன்றே விலக்கும்படி ஆணையிடுபவர் இவர். பெரியப்பா என்பது இங்கு உறவுமுறையன்று, பதவி; ஆகவே அத்தையும் சித்தியும் எதிர்வீட்டு மாமியும் இப்பதவிக்கு உரியவர்களே. இதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. கேளாமலே சொல்லும் குணமும், பத்தடி தூரத்திலிருந்து பருவை எண்ணும் கண்ணும் போதும். கண்புரை அறுவை செய்துகொண்ட பிறகு பெரியப்பாக்களின் திறமை இருமடங்காவதைக் குடும்பத்தார் கவலையுடன் கவனித்திருக்கின்றனர்.

இவருடைய மருத்துவம் முழுவதும் 'சூடு' என்னும் ஒரே கோட்பாட்டின் மேல் நிற்கிறது. மாம்பழம், பலாப்பழம், கோழிக்கறி, முட்டை, நிலக்கடலை ஆகியவை சூடு. மோர், இளநீர், வெள்ளரிக்காய், ஊறவைத்த வெந்தயம் ஆகியவை குளிர்ச்சி. உள்ளே போன சூடு வெளியேற வழி தேடும் என்பதும், அவ்வழி பெரும்பாலும் வரன் பார்க்கத் தொடங்கியுள்ள பெண்ணின் கன்னமாகவே அமையும் என்பதும் இவருடைய துணைக் கோட்பாடுகள். தை மாதக் கல்யாணப் பந்தியொன்றில் நடக்கும் விசாரணை ஏறத்தாழ இவ்வாறு இருக்கும்:

"என்ன கண்ணு, மூஞ்சியெல்லாம் இப்படி வெடிச்சுக் கெடக்குது? மாம்பழம் நெறையத் தின்னியா?"

"இல்லீங்க பெரியப்பா, இப்ப ஏதுங்க மாம்பழம்?"

"அப்ப போன சித்திரையில தின்னதா இருக்கும். சூடு அவ்வளவு லேசுல போயிருமா?"

எட்டு மாதம் உடலில் தங்கியிருந்து, உரிய நேரத்தில் வெளிப்படும் மாம்பழத்தின் பொறுமையை எண்ணி அந்தப் பெண் வியந்துகொண்டிருக்கும்போதே, பெரியப்பா பரிமாறுபவரைக் கைதட்டி அழைத்து, "பொண்ணுக்கு ஒரு ஜாங்கிரி வைப்பா, கல்யாண வீடு" என்கிறார். இந்த ஜாங்கிரியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தோல் மருத்துவம் பருவின் கதையை வேறு விதமாகச் சொல்கிறது. மயிர்க்கால்களை ஒட்டி எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. பருவ வயதில் பெருகும் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன்கள் அவற்றைத் தூண்ட, எண்ணெய் மிகுதியாகச் சுரக்கிறது. உதிர வேண்டிய இறந்த செல்கள் அந்த எண்ணெயோடு சேர்ந்து துளையை அடைக்க, அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் கியூட்டிபாக்டீரியம் ஏக்னஸ் என்னும் நுண்ணுயிர் பெருகி, அந்த இடம் சிவந்து வீங்குகிறது. இந்த ஏற்பாட்டில் சூட்டுக்கு இடமில்லை. சட்டியில் காய்ந்த எண்ணெய் பஜ்ஜி வழியாக வயிற்றுக்குள் இறங்கி மூக்கின் நுனிக்கு ஏறி வரும் பாதையும் இல்லை.

ஆயினும் பெரியப்பாவை அறிவிலி என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. ஏனெனில் இவ்விஷயத்தில் மருத்துவர்களும் நெடுங்காலம் சறுக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1969 இல் கிளிக்மன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பருவுள்ள 65 பேருக்குச் சாக்லேட் மிகுந்த கட்டிகளையும் சாக்லேட் இல்லாத கட்டிகளையும் கொடுத்துப் பார்த்து, வேறுபாடு ஏதும் இல்லை என்று வெளியிட்டனர். சாக்லேட் இல்லாத கட்டியிலும் சர்க்கரையும் கொழுப்பும் ஏறத்தாழ அதே அளவில் இருந்தன என்பதைப் பலர் பொருட்படுத்தவில்லை; உணவுக்கும் பருவுக்கும் தொடர்பே இல்லை என்னும் பாடம் பல பத்தாண்டுகள் நிலைத்தது. பெரியப்பா அந்த ஆய்வைப் படிக்கவில்லையாதலால் அவருடைய நம்பிக்கைக்குச் சேதம் ஏற்படவில்லை.

காற்று 2002 இல் திசை மாறியது. பாப்புவா நியூ கினியின் கிட்டாவா தீவினரையும் பராகுவேயின் அச்சே பழங்குடியினரையும் பரிசோதித்த கோர்டெய்ன் குழுவினர் ஒருவர் முகத்திலும் பருவைக் காணவில்லை. கிட்டாவா மக்களின் உணவு கிழங்கு, பழம், தேங்காய், மீன் ஆகியவை. மைதாவும் சர்க்கரையும் அங்கு அரிது. பிறகு மெல்போர்னில் 43 இளைஞர்களைக் கொண்டு நடந்து 2007 இல் வெளியான ஆய்வில், சர்க்கரைச் சுமை குறைந்த உணவை 12 வாரம் உண்டவர்களுக்குப் பருக்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் குறைந்தன. ஓர் உணவு இரத்தத்தில் சர்க்கரையை எவ்வளவு விரைவாக ஏற்றுகிறது என்பதைக் காட்டும் அளவுக்குக் கிளைசெமிக் குறியீடு என்று பெயர். அது உயர்ந்த உணவுகள் இன்சுலினையும், அதன் வழியே ஐ.ஜி.எஃப்-1 என்னும் வளர்ச்சிக் காரணியையும் உயர்த்த, அவை எண்ணெய்ச் சுரப்பிகளை முடுக்குகின்றன என்பதே இதற்குக் கூறப்படும் விளக்கம்.

ஆகவே பெரியப்பா தொடுத்த வழக்கு சரி. குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய ஆள்தான் தவறு. கிளைசெமிக் குறியீட்டில் மாம்பழம் நடுத்தரமானது. வெள்ளைச் சோறும் மைதாப் பண்டங்களும் சர்க்கரை கரைத்த பானங்களும் மேல் வரிசையில் வருபவை. சர்க்கரைப் பாகில் ஊறிய ஜாங்கிரி, பெரியப்பாவின் சாட்சியாக வந்து பெண்ணின் இலையில் அமர்ந்திருக்கிறது. பாலையும் அவர் குளிர்ச்சிப் பட்டியலில் சேர்த்து நாளுக்கு இரண்டு டம்ளர் குடிக்கச் சொல்கிறார்; அமெரிக்கச் செவிலியர் 47,355 பேரிடம் பள்ளிப் பருவ உணவைக் கேட்டறிந்து 2005 இல் வெளியிட்ட ஆய்விலோ, பாலுக்கும், குறிப்பாகக் கொழுப்பு நீக்கிய பாலுக்கும், பருவுக்கும் தொடர்பு காணப்பட்டது. இது நினைவை நம்பிய ஆய்வாதலால் பாலே காரணம் என்று உறுதி கூற இயலாது. ஆனால் உறுதி கூறப் பெரியப்பா ஆய்வுக்காகக் காத்திருப்பவரல்லர். உடற்பயிற்சிக் கூடத்தில் பால்புரதத் தூளைக் குடித்து முதுகெல்லாம் பரு பூத்து நிற்கும் மருமகனை அவர் கேள்வியே கேட்பதில்லை. "மாப்பிள்ளை உடம்பு நல்லாத் தேறிருச்சு" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

சூட்டுக் கோட்பாட்டால் பெரிய தீங்கில்லை. மோரும் வெள்ளரிக்காயும் யாரையும் கெடுத்ததில்லை. தீங்கு, "மெடிக்கல்ல ஒரு கிரீம் குடுப்பான், மூணே நாள்ல மூஞ்சி பளபளன்னு ஆயிரும்" என்று அவர் குரலைத் தாழ்த்திச் சொல்லும் இடத்தில் தொடங்குகிறது. இத்தகைய களிம்புகள் பலவற்றில் உள்ள ஸ்டீராய்டு, முதலில் வீக்கத்தை அடக்கிக்காட்டிப் பின்னர் தோலை மெலியவைத்துப் பருவைப் பெருக்கும். ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று இந்திய அரசு 2018 இல் கட்டுப்படுத்தியது. அந்த அறிவிப்பும் பெரியப்பாவை எட்டவில்லை.

பருவில் உணவின் பங்கு ஒரு பகுதியே. மரபும் ஹார்மோனும் செய்வதை எந்தப் பத்தியமும் முழுதாகத் தடுத்துவிடாது. இனிப்பையும் மைதாவையும் குறைத்துப் பார்ப்பதில் இழப்பில்லை. பழத்தை விலக்குவதில் பயனில்லை. பரு நீடித்தால் தோல் மருத்துவரிடம் போவதே முறை. அவர் தரும் மருந்தும் பலன் காட்ட 8 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை வரும் கல்யாணங்களில் பெரியப்பாவுக்கு எதிர் வரிசையில் இலை போட்டுக்கொள்ளாமல், அவர் அமர்ந்த வரிசையிலேயே நாலு இலை தள்ளி உட்கார்வது நலம்.