இடைக்கால நிர்வாகச் சபையும் என் பாதித் தாடியும்

இலங்கை கிரிக்கெட்டின் உண்மையான நிர்வாகச் சபை கண்டி கட்டுக்கலைப் பக்கம் ஒரு சலூனில் கூடுகிறது. கொழும்பு மேட்லன்ட் பிளேஸில் இருப்பது அதன் கிளை அலுவலகம் மட்டுமே. தலைவர் சலூன்கார அண்ணன். கையில் கத்தி இருப்பதால் அவருடைய தலைமையை இதுவரை யாரும் எதிர்த்ததில்லை. ஜவுளிக்கடை நானா பொருளாளர் மாதிரி. எந்த வீரருக்கு எவ்வளவு சம்பளம், அது வீண் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர் ஒருவர் உண்டு. நாங்கள் எல்லோரும் அவரை "சேர்" என்போம். 1983இல் அஸ்கிரிய மைதானத்தில் அவுஸ்திரேலியாவோடு நடந்த முதல் டெஸ்டை நேரில் பார்த்தவர். அதற்குப் பிறகு நடந்த எதையும் அவர் கிரிக்கெட் என்று ஒப்புக்கொள்வதில்லை.

நாலாவது ஆள் என் தாய்மாமா. அவருடைய நிலைமை கொஞ்சம் சிக்கலானது. மாமா இந்தியக் கட்சி. தோட்டத்தில் பிறந்து, ரேடியோவில் கமென்டரி கேட்டு வளர்ந்த காலத்தில் கவாஸ்கரைக் கையெடுத்துக் கும்பிட்டவர். முரளிதரன் பந்து வீசும்போது மட்டும் இலங்கைக் கட்சி. முரளி 2010இல் எண்ணூறாவது விக்கெட்டோடு டெஸ்டிலிருந்து ஓய்வுபெற்றதும் மாமாவும் இலங்கை அணியிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டார். ஆனால் இதை சலூனில் வைத்துச் சொல்ல முடியுமா? அதனால் இந்தியா ஜெயித்தால் மாமா பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். பத்திரிகை குலுங்கும்.

2023 நவம்பர் 2, வியாழக்கிழமை இரவு மும்பை வான்கடேயில் உலகக் கிண்ணப் போட்டி. இந்தியா 357 ஓட்டங்கள் எடுத்தது. நாங்கள் 55. ஒரு கட்டத்தில் 3 ஓட்டங்களுக்கு 4 விக்கெட், பிறகு 14க்கு 6. அண்ணன் ஒருவருக்கு முடி வெட்டத் தொடங்கும்போது முதல் விக்கெட் விழுந்ததாம். பிடரி முடியைச் சரிசெய்து முடிப்பதற்குள் ஆறு. எங்களில் அதிக ஓட்டம் எடுத்தவர் பந்துவீச்சாளர் கசுன் ராஜித, 14. தோல்வி 302 ஓட்டங்களால். அதற்கு ஆறேழு வாரம் முன்பு ஆசியக் கிண்ண இறுதிப்போட்டியிலும் இதே இந்தியாவிடம் 50 ஓட்டங்களுக்குச் சுருண்டிருந்தோம். ஆக, 50இலிருந்து 55. "முன்னேற்றந்தானே தம்பி," என்றது பத்திரிகை. உள்ளே மாமா.

மறுநாள் ஊரில் யாரும் துடுப்பாட்டக்காரர்களைத் திட்டவில்லை என்பதுதான் ஆச்சரியம். அவர்களைத் திட்டும் கட்டம் 50இலேயே முடிந்துவிட்டது. இப்போது எல்லோர் வாயிலும் ஒரே சொல்: சபை. "சபையை வீட்டுக்கு அனுப்பணும்." மார்க்கெட்டில் போஞ்சி விற்கிறவர், கோவில் வாசலில் அர்ச்சனைத் தட்டு வைத்திருப்பவர், பஸ் கொண்டக்டர் எல்லோருக்கும் சபையின் உள்விவகாரம் தெரிந்திருந்தது. அவர்களில் பாதிப் பேருக்கு அன்றைய அணியின் பதினொரு பேரைச் சொல்லத் தெரியாது. நானும் ஒன்பது வரைதான் சொல்வேன்.

திங்கட்கிழமை, நவம்பர் 6. நான் முகம் வழிக்கப் போயிருந்தேன். ஒரு கன்னம் முடிந்து, மறு கன்னத்தில் நுரை பூசியாயிற்று. ரேடியோவில் செய்தி: விளையாட்டுத்துறை அமைச்சர் ரொஷான் ரணசிங்க கிரிக்கெட் சபையைக் கலைத்துவிட்டார், அர்ஜுன ரணதுங்க தலைமையில் ஏழு பேர் கொண்ட இடைக்கால நிர்வாகக் குழு.

அண்ணன் கத்தியைக் கீழே வைத்தார். நானா கடையைத் திறந்து போட்டுவிட்டு ஓடி வந்தார். சேர் பிளேன்டீக்குச் சொன்னார், ஆறு பேருக்கு. எனக்குச் சொல்லவில்லை, என் முகத்தில் நுரை இருந்தது.

இங்கே 'இடைக்கால' என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின்படி, நாட்டுக்காக ஆடப் போகும் அணிக்கே அமைச்சர் ஒப்புதல் தர வேண்டும். சபைகளைக் கலைத்து இடைக்காலக் குழு போடும் பழக்கமும் அந்தச் சட்டத்தின் நிழலில்தான் வளர்ந்தது. கிரிக்கெட்டுக்கு மட்டும் எத்தனை தடவை என்று எண்ணிப் பார்த்தால் விரல் தீர்ந்துவிடும். இதே அர்ஜுன 2008இலும் ஓர் இடைக்காலத் தலைவர். 2015இல் சிதத் வெத்தமுனி. ஆற்றில் அடித்துப்போன பாலத்துக்குப் பதிலாக நாலு பலகையைக் கட்டி "தற்காலிகம்" என்பார்கள். நம் பிள்ளைகள் அதன் மேல் நடந்தே பள்ளிக்கூடம் போய், படிப்பை முடித்து, கல்யாணமும் கட்டிவிடுவார்கள். அப்படியொரு தற்காலிகம்.

"ஏழு பேர்ல மூணு பேர் ரிட்டயர்ட் ஜட்ஜ்," என்றார் சேர், தானும் ரிட்டயர்ட் என்பதால் ஒரு தனிப் பெருமையோடு.

"ஜட்ஜுமாரு என்னா செய்வாங்க சேர்? அப்பீல் கேட்டா கையத் தூக்குவாங்களா?" என்றார் அண்ணன்.

அந்தப் பேச்சு முடிய அரை மணி நேரம். நுரை காய்ந்து உதிர்ந்தது. அண்ணன் மறுபடி நுரை பூசினார். பின்னேரம் டெல்லியில் பங்களாதேஷோடு போட்டி இருந்ததால், தலைமுடியையும் சேர்த்து வெட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கலைக்கப்பட்ட சபையின் கீழ், கலையாத அணி ஆடும் போட்டி. அதில்தான் அஞ்சலோ மெத்யூஸ் ஆடுகளத்துக்கு வந்து, தலைக்கவசத்தின் வார் அறுந்து, வேறு கவசம் கேட்டு நிற்க, ஷகிப் அல் ஹசன் முறையிட, ஒரு பந்தைக்கூட எதிர்கொள்ளாமல் 'டைம்ட் அவுட்' ஆனார். சர்வதேச கிரிக்கெட்டில் அப்படி ஆட்டமிழந்த முதல் ஆள். மனுஷன் முதலில் அந்த அணியிலேயே இல்லை. எங்கள் கண்டிப் பையன் மதீஷ பத்திரனவுக்குத் தோளில் காயம் என்றுதான் அவரைக் கூப்பிட்டார்கள்.

"பாரு," என்றார் நானா, "கண்டிக்காரன் தோள் வலிச்சா நாட்டுக்கே வார் அறுந்து போகுது."

அந்த வாரத்தில் மெத்யூஸ் ஒருவர்தான் நேரம் பிந்தியதற்காக வெளியேற்றப்பட்டவர். மற்றவர்கள் எவ்வளவு பிந்தினாலும் திரும்பி வந்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமையே மேன்முறையீட்டு நீதிமன்றம் அமைச்சரின் உத்தரவை இரண்டு வாரத்துக்கு நிறுத்திவைத்தது. ஷம்மி சில்வா தலைமையிலான பழைய சபை மீண்டும் நாற்காலியில். மூன்று நீதிபதிகள் இருந்த குழுவை நீதிமன்றமே நிறுத்தியதில் சேருக்கு மிகுந்த மனவருத்தம். எனக்கு வேறு கணக்கு: திங்கள் காலை வழித்த தாடி இன்னும் முளைக்கவில்லை, அதற்குள் ஒரு சபை போய், ஒரு சபை வந்து, போன சபை திரும்பிவிட்டது.

வியாழக்கிழமை பாராளுமன்றத்தில் ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே குரலில் சபை போக வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றின. சம்பள உயர்வு, பெட்ரோல் விலை எதிலும் ஒன்றுசேராதவர்கள். அன்றே பெங்களூரில் நியூசிலாந்திடம் தோற்றோம். வெள்ளிக்கிழமை, அரசாங்கத் தலையீடு என்று சொல்லி ஐசிசி எங்களை இடைநிறுத்தியது. எங்கள் மண்ணில் நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போனது. நவம்பர் 27இல் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க, சபையை நீக்கிய அமைச்சரையே நீக்கினார். சபை இருந்த இடத்தில் இருந்தது.

நீங்கள் இதைக் கிரிக்கெட்டின் தனி வியாதி என்று நினைத்துவிடக் கூடாது. அந்த 2023இல் மட்டும் ஜனவரியில் பிஃபா எங்கள் கால்பந்தை இடைநிறுத்தியது, மே மாதம் உலக ரக்பி அமைப்பு எங்கள் ரக்பியை இடைநிறுத்தியது, நவம்பரில் கிரிக்கெட். நித்தவெல மைதானத்தில் கண்டி கழகம் ஆடினால் கடையைச் சாத்திவிட்டுப் போகிற ஊர் எங்களுடையது. ரக்பி நின்றபோது இங்கே இழவு வீடு மாதிரி இருந்தது. எங்களுக்கு அடுத்த ஊரான மாத்தளைதான் இலங்கை ஹொக்கியின் தாய்வீடு. மாத்தளைக்காரர் ஒருவர் முடிவெட்ட வந்தால் அண்ணன் துக்கம் விசாரிப்பதுபோல் கேட்பார்: "ஒங்க ஹொக்கி சபை இன்னும் இருக்கா அண்ணே?"

இதையெல்லாம் சிரித்துச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருபத்தைந்து வருஷம் முன்பு எங்கள் தோட்டத்து சொப்ட்போல் அணிக்கு நான் செயலாளர். பக்கத்து டிவிஷனிடம் தொடர்ந்து மூன்று ஞாயிறு தோற்றோம். நாலாவது ஞாயிறு, விளையாடுவதற்குப் பதிலாகப் பொதுக்கூட்டம் வைத்தோம். தோல்விக்கு முழுப் பொறுப்பு தலைவர்தான் என்று நான்தான் பிரேரணை கொண்டு வந்தேன். தலைவர் பெட்டும் பிடித்தவரில்லை, பந்தும் போட்டவரில்லை. சந்தா சேர்த்து, மேட்ச் அன்று பணிஸும் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்தவர். ஏகமனதாக நீக்கினோம். கைதட்டல் அடங்கிய பிறகுதான் யாரோ கேட்டார்கள், பந்தும் பெட்டும் எங்கே என்று. எல்லாம் பழைய தலைவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில். வாங்கப் போன தூதுக்குழுவை அவருடைய சம்சாரம் விளக்குமாற்றோடு வரவேற்றார். ஐசிசியின் இடைநிறுத்தம் இரண்டரை மாதத்தில், 2024 ஜனவரி 28இல் நீங்கியது. எங்களுடையது தீபாவளி வரை போனது. அதற்குள் இரண்டு இடைக்காலக் குழு போட்டுவிட்டோம். இரண்டிலும் நான் இருந்தேன்.

தூதுக்குழுவுக்கு அன்று தலைமை தாங்கியவர் இப்போதைய சலூன்கார அண்ணன்தான். அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

சரி, அணியைக் கட்டி எழுப்பும் வேலை தொடங்கியது. டிசம்பரில் உபுல் தரங்க தெரிவுக்குழுத் தலைவரானார். சனத் ஜயசூரிய ஆலோசகரானார். 2024 ஜூலையில் தலைமைப் பயிற்றுநரும் ஆனார், இடைக்காலமாக. அந்தச் சொல்லைக் கேட்டதும் சலூனில் எல்லோரும் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

ஜயசூரியவின் இடைக்காலத்தை நேரில் பார்க்க ஜூலை 30 அன்று திகன பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பல்லேகலைக்குப் போனோம். நானா, நான், 'இது கிரிக்கெட் இல்லை' என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே சேர், 'சும்மா காத்து வாங்க' மாமா. இந்தியா 137. நாங்கள் ஒரு விக்கெட்டுக்கு நூறைத் தாண்டிவிட்டோம். பக்கத்து வரிசையில் ஒருவர் குழந்தைக்குத் தொப்பி மாட்டி, கூட்டத்துக்கு முன்னால் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார். புத்திசாலி. 12 பந்தில் 9 ஓட்டம் வேண்டும். பந்தைக் கையில் எடுத்தவர் ரிங்கு சிங். சர்வதேச இருபது ஓவர் போட்டியில் அதுவரை பந்தே வீசாதவர். 3 ஓட்டம், 2 விக்கெட். கடைசி ஓவரை அணித்தலைவர் சூர்யகுமார் தானே எடுத்தார், அவரும் வீசாதவர்தான். 5 ஓட்டம், 2 விக்கெட். ஆட்டம் சமன். சூப்பர் ஓவரில் எங்களுக்கு 3 பந்தில் 2 விக்கெட்டும் போய் 2 ஓட்டம். சூர்யகுமார் முதல் பந்தையே எல்லைக்கு அடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

திரும்பும் பஸ்ஸில் எண்பது பேர். குண்டசாலை வரும்போது ஜயசூரியவை நீக்கிவிட்டார்கள். மகாவலிப் பாலத்தைத் தாண்டும்போது தெரிவுக்குழு போய்விட்டது. மணிக்கூட்டுக் கோபுரத்தில் இறங்கும்போது சபையும் போய், கொண்டக்டர் அர்ஜுனவைத் திரும்பவும் கூப்பிட்டிருந்தார். மாமா மட்டும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். அவரிடம் அன்று பத்திரிகை இல்லை. தோள் குலுங்குவதைப் பார்த்து முன்சீட்டில் இருந்த சிங்கள அம்மா ஒருவர் அவருக்கு ஆறுதலாகத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

எட்டே நாளில் கதை மாறியது. கொழும்பில் ஒருநாள் தொடர்: முதல் ஆட்டம் சமன், இரண்டாவதில் ஜெப்ரி வாண்டர்சே 33 ஓட்டங்களுக்கு 6 விக்கெட், ஆகஸ்ட் 7இல் மூன்றாவது ஆட்டத்தில் துனித் வெல்லாலகே 5 விக்கெட் எடுக்க, இந்தியா 138க்குச் சுருண்டது. தொடர் 2-0. இந்தியாவை ஒருநாள் தொடரில் நாங்கள் வென்றது 1997க்குப் பிறகு அதுதான். அதே சபை, அதே தலைவர்.

மறுநாள் காலை சலூனில் எல்லோருக்கும் பிளேன்டீ. ஜயசூரியவை நிரந்தரமாக்க வேண்டும் என்று நானா சொன்னார். குண்டசாலையில் வைத்து அவரை நீக்கியவரும் நானாதான். சேர், இது ஏறக்குறைய கிரிக்கெட் என்று ஒத்துக்கொண்டார்.

மாமா கொஞ்சம் பிந்தித்தான் வந்தார். மூன்று நாள் தாடி. பத்திரிகையை எடுக்கவில்லை. யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே, அத்தனை வருஷம் மறைத்ததை மறந்து, வாய்விட்டுச் சொல்லிவிட்டார்:

"அந்த புது கோச் கம்பீரை மாத்தணும் தம்பி. வந்த மொத ஒருநாள் தொடரே இப்புடி. போர்டையே மொத்தமா தூக்கணும். இடைக்காலமா யாரையாவது போடலாம்."

சலூனே வாயடைத்துப் போனது. பிறகு அண்ணன் நாற்காலியில் கிடந்த முடியைத் துண்டால் தட்டிவிட்டு, அதை மாமா பக்கம் திருப்பிப் போட்டார்.

"வாங்க மாமா," என்றார். "ஒக்காருங்க. யார் யாரைப் போடலாம்னு சொல்லுங்க."