மாட்டோட சேத்து வாங்கும்வே

மருமவப்பிள்ளைக்குப் பழைய பிளசர் கார் மேல ஆசை வந்துட்டாம்லா? தேரடியில பேசிக்கிட்டாவ. ரொம்ப சந்தோசம். ஏசி குளிரு ஒத்துக்கல, மெத்துன்னு சீட்டுல உக்காந்து முதுகு நோவுதுன்னா வேற என்னதான் செய்வீரு? தாராளமா வாங்கும். அதுக்கு முன்னால கிழவன் சொல்லுததையும் கொஞ்சம் காதுல போட்டுக்கிடும்.

சாவியத் திருவுனா எழும்புத சாதியில்ல அது. முன்னால ரேடியேட்டருக்குக் கீழ ஒரு ஓட்டை இருக்கும். அதுல இரும்பு ஹாண்டிலைச் சொருகிக் கையால சுத்தணும். சுத்துததுக்கு முன்ன, ஸ்டியரிங்குகிட்ட இருக்க ஸ்பார்க் லிவரைச் சரியான எடத்துல வச்சுக்கிடும். மறந்தீரோ, எஞ்சின் முந்திக்கிட்டு வெடிச்சு ஹாண்டில் எதிர்ப்பக்கமாத் திரும்பி அடிக்கும். பெருவெரலை மத்த வெரலோட சேத்தே வச்சுக்கிடும். ஹாண்டிலைச் சுத்திவளைச்சுப் பிடிச்சா வெரலு நம்மளது இல்ல. அமுக்கிச் சுத்தப்பிடாது, கீழ இருந்து மேல இழுக்கணும். இந்த வித்தை தெரியாம மணிக்கட்டு ஒடிஞ்சவன் ஊருக்கு ஊரு உண்டு. அமெரிக்காவுல கெட்டரிங்னு ஒருத்தரு செல்ப் ஸ்டார்ட்டர் கண்டுபிடிச்சு, 1912ல கேடிலாக் கார்ல மாட்டி விட்டாவ. எத்தனையோ கையைக் காப்பாத்துன புண்ணியவான். ஆனா உமக்கு அதெல்லாம் எதுக்கு, உமக்குத்தான் பழசு வேணுமே!

அதே 1912லதான் டி.வி.சுந்தரம் ஐயங்கார் பஸ் விட ஆரம்பிச்சாரு. ரோட்டுல அவருக்குப் பெரிய எதிரி யாருங்கீரு? மாட்டு லாடத்து ஆணி. வண்டிமாடு நடக்க நடக்க ஆணி உதிரும், பின்னால வார டயருல ஏறும், டியூப் புஸ்ஸுன்னு போவும். மனுசன் காந்தம் கட்டுன வண்டிய ரோட்டுல விட்டு ஆணியப் பொறுக்க வச்சாரு. அவரு முதலாளி, செஞ்சாரு. நீரு ஜாக்கி, சொல்யூசன், ஒட்டு ரப்பர், காத்தடிக்கிற பம்பு எல்லாம் வச்சுக்கிட்டு நடுரோட்டுல குத்தவைக்கணும். வீட்டம்மா பட்டுச்சேலையோட வேப்பமரத்தடியில நின்னு உம்ம வம்சத்தையே விசாரிச்சுக்கிட்டு இருப்பா.

அப்புறம் நம்ம சங்கரங்கோயில் மண்ணு. தார் ரோடு வாரதுக்கு முந்தின கதையச் சொல்லுதேன். மேற்க செவக்காடு, எப்படியும் தப்பிச்சிரலாம். கெழக்க கழுகுமலைப் பக்கம் ஐப்பசி மழையில போயிப் பாரும், கரிசல் மண்ணு விடாது. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவுல அப்பிக்கிட்டு சக்கரமே சுத்தாது. குச்சிய விட்டுத் தோண்டணும், பத்தடி போவணும், திரும்பவும் தோண்டணும். அப்பதான் ஒரு மாட்டுக்காரரு வருவாரு. வந்த ஒடனே கயித்தை எடுக்க மாட்டாரு. காரைச் சுத்தி ஒரு வட்டம் வருவாரு, வெத்தலையத் துப்புவாரு. "இது எத்தனை குதிரை சக்தி சாமி?"ம்பாரு. ஃபோர்டு மாடல் டின்னா 20 குதிரை, உள்ளதைத்தான சொல்லணும். "அப்பம் எம் மாடு ரெண்டு போதுமா?"ன்னு ரொம்பக் கவலையாக் கேப்பாரு. அந்தக் கேள்விக்குக் கூலி வாங்க மாட்டாரு, இழுத்ததுக்கு மட்டுந்தான். அதனாலதான் சொல்லுதேன், காரு வாங்கையில ஒரு சோடி காளையையும் சேத்து வாங்கிரும். மானமாவது மிஞ்சும்.

வெயில் காலத்துலயும் நிம்மதி இருக்காது. சித்திரை வெயில்ல பெட்ரோல் குழாய்க்குள்ளயே ஆவியாப் போயி வண்டி நின்னுரும். பெட்ரோல் பம்பு மேல ஈரத்துணியச் சுத்திட்டுக் காத்துக்கெடக்கணும். டேங்க் ஒழுகுனா பார் சோப்பைத் தேய்ச்சு அடைச்சிரும், பெட்ரோல்ல சோப்பு கரையாது. இது மட்டும் நையாண்டி இல்லவே, நெசமான யோசனை.

பெட்ரோல் வெலை ஏறிட்டுன்னு பொலம்புவீரே, ரெண்டாம் உலக யுத்தத்துல பெட்ரோலே கெடைக்காம ரேசன்ல குடுத்தாவ. பஸ்ஸுல கரியடுப்பை மாட்டி, அந்தக் கரிவாயுவுலயே வண்டிய ஓட்டுனாவ. அந்தச் சுந்தரம் ஐயங்காரோட டி.வி.எஸ்.காரவுகளே அதுக்குக் கேஸ் பிளாண்ட் செஞ்சு வித்தாவ. கரிவாயுவுக்கு இழுவை கம்மி. மேடு வந்தா என்ன பாடுன்னு நீரே நெனைச்சுப் பாரும்.

சரி, இவ்வளவும் கேட்டுட்டும் ஆசை அடங்கலன்னா, இப்பத்தைய சட்டத்தையும் தெரிஞ்சுக்கிடும். 50 வருசம் தாண்டுன, சொந்த உபயோகத்து வண்டிக்கு 2021ல மத்திய சர்க்கார் தனி விதி போட்டிருக்கு. புதுசாப் பதிய 20,000 ரூவா, 10 வருசத்துக்குச் செல்லும். நம்பர் பிளேட்டுல 'விஏ'ன்னு தனி எழுத்தும் உண்டு. ஆனா அந்த வண்டிய அன்னாடம் ஓட்டப்பிடாது, வாடகைக்கும் விடப்பிடாது. கண்காட்சி, ஆராய்ச்சி, பழைய கார் ஊர்வலம், அப்புறம் பெட்ரோல் போட, ரிப்பேர் பாக்கன்னு எறக்கலாம். ரிப்பேரைச் சட்டத்துலயே எழுதி வச்சிருக்கான் பாரும், வெவரமான ஆளு.

அதனால நம்ம கோயில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வீட்டம்மாவையும் புள்ளையளையும் பஸ்ஸுல ஏத்தி அனுப்பிரும். நீரு மட்டும் ரிப்பேருக்குன்னு சொல்லிக் காரை ஓட்டிக்கிட்டு வாரும். சங்கரங்கோயில் வந்து சேருததுக்குள்ள அது பொய்யா இருக்காது.