ராத்திரி வாசம், பகலில் வசவு

இரவில் மணக்கிற கொடி வளர்க்க ஆசைப்படுகிறவன் ராத்திரி விழித்திருக்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். எனக்கு ஒன்பதரைக்கே கண் சொக்கிவிடும். போதாததற்கு ஜலதோஷ மூக்கு. ஆகவே வாசமெல்லாம் காற்றோடு எதிர்வீட்டுக்குப் போகிறது. அங்கிருந்து, “சார், உங்க பூவால எங்க மாமனாருக்குத் தலைவலி” என்று பதில் வருகிறது.

முதலில் வைத்தது குண்டுமல்லி. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். என் மல்லிக்கும் கேட்டிருப்பேன், இலைக்கென்று தனிப்பிரிவு இருந்தால். மல்லி புதுத்தளிரில்தான் மொட்டு வைக்கும். அதனால்தான் மதுரைப் பக்கத்து விவசாயிகள் கார்த்திகை, மார்கழியில் செடியை ஈவிரக்கம் இல்லாமல் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுகிறார்கள். பங்குனியில் மொட்டாகக் கொட்டுகிறது. இங்கே நான் கத்தரிக்கோலை எடுத்தாலே அம்மா, “பச்சை உசுருடா, கை வைக்காதே” என்பாள். கை வைக்கவில்லை. செவ்வாய், வெள்ளிக்கு முக்குக்கடையில் முழம் பூ வாங்கி, அக்கம்பக்கம் பார்க்காமல் பைக்குள் ஒளித்துக்கொண்டு மல்லி வளர்க்கிற வீட்டுக்குள் நுழைகிறேன்.

அடுத்தது ரங்கூன் மல்லி. நர்சரிக்காரர், “வெச்சு விட்டுடுங்க சார், அதுவா வரும்” என்றார். சத்தியவான். பெயரில்தான் மல்லி, உறவுமுறை பார்த்தால் கடுக்காய், தான்றிக்காய், மருத மரம் இவற்றோடு சேர்ந்த குடும்பம். மர வம்சத்துக்கு உண்டான முரட்டுத்தனம் அப்படியே இருக்கிறது. ஜன்னல் கம்பியைப் பிடித்தது, கேபிள் ஒயரைப் பிடித்தது, தண்ணீர்த் தொட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தது. பாரி முல்லைக்குத் தேரைக் கொடுத்தான். நான் எதையும் கொடுக்கவில்லை, மொட்டைமாடியில் துணி காயப்போடும் கயிற்றை அதுவே எடுத்துக்கொண்டது. தேரை விட்டுவிட்டு நடந்து வந்த பாரியை வீட்டில் என்ன சொன்னார்கள் என்று புலவர்கள் பாடாமல் விட்டுவிட்டார்கள். என்னை என்ன சொன்னார்கள் என்பது தெருவுக்கே தெரியும்.

ஆனால் அந்தப் பூவைக் குறை சொல்ல மனசு வராது. பொழுது சாய்ந்ததும் நீளக் குழாய் நுனியில் ஐந்து இதழ் வெள்ளை வெளேரென்று விரியும். மறுநாள் ரோஸ், அதற்கடுத்து ரத்தச் சிவப்பு. ஒரே கொத்தில் மூன்று நிறமும் இருக்கும். இருட்டில் வெள்ளையும் வாசமும் எதற்கு என்று ஒரு நாள் தூக்கத்தைத் தியாகம் செய்து, டார்ச்சோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். கட்டைவிரல் பருமனில் ஓர் அந்துப்பூச்சி வந்தது. பூவில் உட்காரவே இல்லை. அந்தரத்தில் சிறகடித்து நின்றபடியே உறிஞ்சுகுழலை நீட்டிக் குழாயின் அடிவரைக்கும் விட்டுத் தேனைக் குடித்துவிட்டு அடுத்த பூவுக்குப் போய்விட்டது. உரம் போட்டவன், வசவு வாங்கினவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. இத்தனை ஏற்பாடும் அந்த விருந்தாளிக்குத்தான். நான் பந்தல் கான்ட்ராக்டர்.

“வாசத்துக்குப் பாம்பு வரும்” என்பது என் மனைவியின் கட்சி. வாசத்துக்கு வராது, அடர்ந்த புதரில் பதுங்கும் எலிக்கும் தவளைக்கும்தான் வரும் என்று விளக்கினேன். “அப்ப வரும்தானே?” என்றாள். அன்றே அடிப்பகுதியைச் சுத்தமாகக் கழித்துவிட்டேன். கழித்த இடத்தில் சும்மா இருந்தது. வேர் ஓடின இடத்திலெல்லாம், துளசி மாடத்துக்குப் பக்கத்திலும் கார் நிற்கிற சிமெண்ட் விரிசலிலும், புதுக்கன்று தலை நீட்டியது.

ஆகவே பூப்பிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரங்கூன் மல்லிக் கன்று வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள், காசு வேண்டாம். மண்வெட்டியும் அரிவாளும் நீங்களே கொண்டுவந்துவிடுங்கள். தாய்க்கொடியையே வேரோடு எடுத்துப் போகிறவர்களுக்கு என் மனைவி டிபனும் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.