புளூட்டோனியத்துக்கு ஒரு குறையும் வைக்கவில்லை

அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தைத் திட்டுகிறவர்களுக்கு நன்றி என்பதே கிடையாது. தொழிலாளியின் உடம்புக்குக் கேடு வந்துவிடக் கூடாதே என்று அதன் மருத்துவர்கள் எவ்வளவு தவித்தார்கள்! உள்ளே போன புளூட்டோனியத்தில் எவ்வளவு எலும்பில் தங்கும், எவ்வளவு சிறுநீரில் வெளியேறும்? எலியிடம் கேட்டார்கள், நாயிடம் கேட்டார்கள், மனிதக் கணக்குதான் உதைத்தது. அதை நேர்செய்யத்தான் 1945 முதல் 1947 வரை 18 நோயாளிகளுக்கு ஊசியில் புளூட்டோனியத்தை ஏற்றினார்கள். எல்லாம் பாதுகாப்புக்காக. கணக்குக் கேட்ட மருத்துவர்களில் ஒருவர்கூட அந்த 18 பேரில் இல்லை என்பதிலிருந்தே பாதுகாப்பில் அவர்களுக்கு இருந்த அக்கறை தெரியவில்லையா?

முதல் பாக்கியவான் திட்டத்தின் ஓக் ரிட்ஜ் வளாகத்தில் சிமெண்ட் கலவை போட்ட 53 வயதுக் கறுப்பினத் தொழிலாளி. கார் விபத்தில் கையும் காலும் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். 1945 ஏப்ரல் 10-ஆம் தேதி ஊசி ஏறியது. ஏட்டில் அவர் பெயர் எச்.பி.-12. முறிந்த எலும்பா? அதற்கென்ன அவசரம்! ஐந்து நாள் கழித்துச் சேர்த்துக் கட்டினார்கள். சரக்கு எலும்புவரை போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே, கட்டும்போதே ஒரு துண்டு எலும்பையும் எடுத்துக்கொண்டார்கள். ஈறு சரியில்லை என்று 15 பற்களைப் பிடுங்கினார்கள். அவையும் பரிசோதனைக்கே போயின. சிமெண்ட் சுமந்த கூலிக்காரனின் பல்லுக்கு அமெரிக்க ராணுவம் இவ்வளவு மரியாதை செய்தது அதற்கு முன்பு உண்டா?

அடுத்த மாதம் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெயின்டர். வயிற்றில் புற்றுநோய், எப்படியும் சாகப்போகிற ஆள்தானே என்று ஏற்றினார்கள். நான்கு நாள் கழித்து வயிற்றைத் திறந்தார்கள். வெட்டி எடுத்ததைப் பரிசோதித்தால், வெறும் இரைப்பைப் புண்! புளூட்டோனியத்தைப் பற்றி அவரிடம் யாரும் மூச்சு விடவில்லை. ஆனால் மனிதர் ஊரைவிட்டே போகப் பார்க்கிறார் என்று தெரிந்ததும் பதறிப்போனார்கள். மலமும் சிறுநீரும் கைநழுவிவிடுமே! மாதம் 50 டாலர் கொடுத்து அங்கேயே நிறுத்திவைக்க ஏற்பாடு நடந்தது. அந்த ஆளுக்கு மதிப்பில்லை, அவர் கழிவுக்கு மாதச் சம்பளம். சாகப்போகிறவர் 1966 வரை இருந்தார். 1975-இல் அவருடைய அஸ்தியையும் ஆர்கான் ஆய்வகத்துக்கு வரவழைத்துக்கொண்டார்கள்.

1947-ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நியூரம்பர்க்கில் அமெரிக்க நீதிபதிகள் நாஜி மருத்துவர்களைக் கூண்டில் ஏற்றி, சம்மதமில்லாமல் மனிதன்மேல் கைவைக்கலாமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். அதே வருஷம் ஏப்ரல் 17-ஆம் தேதி, அணுசக்தி ஆணையத்தின் சார்பில் கர்னல் ஹேவுட் ஒரு கடிதம் எழுதுகிறார்: மனிதர்மீது நடந்த சோதனைகளைச் சொல்லி, மக்கள் அபிப்பிராயத்தைக் கெடுத்து வழக்குக்கும் இடம் கொடுக்கக்கூடிய ஆவணம் எதுவும் வெளியே போகக் கூடாது, ரகசியம் என்று முத்திரை குத்து. ஆக, இத்தனை பாதுகாப்பும் யாருக்கு என்று ஒருவராவது எழுத்தில் ஒத்துக்கொண்டார். ஜூலையில் ஒரு ரயில்வே போர்ட்டரின் இடது காலில் ஊசி போட்டு, மூன்றாம் நாள் அந்தக் காலை வெட்டி எடுத்தார்கள். ஆகஸ்டில் நியூரம்பர்க்கில் தீர்ப்பு. ஏழு பேருக்குத் தூக்கு.

சான் பிரான்சிஸ்கோ ஊசிகளை நடத்திய ஜோசப் ஹாமில்டனே 1950-இல் மேலிடத்துக்கு எழுதினார், இம்மாதிரி மனிதச் சோதனைகளில் கொஞ்சம் புகென்வால்ட் நாஜி முகாமின் வாடை அடிக்கும் என்று. நல்ல மூக்கு. தன் கையை மோந்து பார்க்க அதற்கு ஐந்து வருஷம் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

1993-இல் ஐலீன் வெல்சம் என்ற பத்திரிகை நிருபர் அந்த எண்களுக்குள் புதைந்து கிடந்த பெயர்களைத் தோண்டி எடுத்தார். 1995 அக்டோபர் 3-ஆம் தேதி அதிபர் கிளிண்டன் மன்னிப்புக் கேட்டார். அன்றைக்கென்று ஓ.ஜே. சிம்ப்சன் கொலை வழக்கில் தீர்ப்பு, நாடே டி.வி.யில் கோர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. கால் போன அந்தப் போர்ட்டர் 1991-லேயே செத்துப்போயிருந்தார். ஊசிக்கு இருந்த அவசரம் மன்னிப்புக்கு இல்லை.