மங்குஸ்தான்: ஒலியும் பொருளும் வழக்கும்

குற்றாலத்தில் சாரல் பிடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் அருவிக்குப் போகும் வழியெங்கும் கூறுகட்டி விற்கப்படும் கருஞ்சிவப்புக் கனியொன்று, விற்போர் வாயில் 'மங்குஸ்தான்' என்றும் காரில் வந்திறங்குவோர் வாயில் 'மேங்கோஸ்டீன்' என்றும் வழங்குவதால், இவற்றுள் எது திருந்திய வழக்கு, எது கொச்சை என்னும் வினா எழுகிறது.

ஆங்கிலச் சொல்லைப் பழக்கடைக்காரர் சிதைத்துவிட்டனர் என்பதே காரில் வந்தோர் துணிபு. அஃது ஏற்புடையதன்று. ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் 'மங்குஸ்தான்' என்னும் பழைய மலாய்ச் சொல்லே. அதை மலாய்க்காரரே கைவிட்டு இன்று 'மங்கிஸ்' என்கின்றனர், ஆங்கிலேயரோ ஈற்றை 'டீன்' என நீட்டிக்கொண்டனர். ஆகவே மூல ஒலியைப் பழுதின்றிக் காத்துவருவன தென்காசி வட்டாரத்துப் பழக்கூடைகளே. பிரித்தானிய அகராதிகளும் நடு உயிரைத் தேய்த்து 'மேங்கஸ்டீன்' என்றே ஒலிப்பதால், 'கோ'வை அழுத்துவோர் லண்டனுக்கும் ஆகார், தென்காசிக்கும் ஆகார்.

அந்தக் 'கோ' மாம்பழ மயக்கத்தால் வந்தது. 1753இல் லின்னேயஸ் 'கார்சினியா மாங்கோஸ்டானா' எனப் பெயரிட்ட இம்மரம் மாமரத்துக்கு எவ்வகையிலும் உறவன்று. செங்கோட்டையைத் தாண்டினால் மீன்குழம்பில் கிடக்கும் குடம்புளிக்கே அது பங்காளி.

பொருள் வரையறையில் விற்போர் கூற்றே சான்றாகக் கொள்ளத்தக்கது. "அடியில எண்ணிப் பாருங்க, ஆறுன்னா உள்ள ஆறு சொளை" என்பர். பழத்தின் அடியில் பூப்போல் ஒட்டியிருப்பது சூல்முடி, அதாவது மகரந்தத்தை ஏற்பதற்குரிய உறுப்பின் எச்சம். அதன் இதழ்களும் உள்ளிருக்கும் வெண்சுளைகளும் எண்ணிக்கையில் ஒத்திருக்கும் என்பதே தாவரவியல் முடிபுமாகும். தோலின் சாறு வேட்டியில் பட்டால் போகாது என்பதை மட்டும் அவர்கள் விற்ற பின்பே தெரிவிப்பர்.

வழக்கியலில் கருதத்தக்கது உச்சரிப்புக்கும் விலைக்கும் உள்ள தொடர்பு. "மங்குஸ்தான் என்ன வெல அண்ணாச்சி?" என்பாருக்கு ஒரு விலையும், "மேங்கோஸ்டீன் கிலோ எவ்வளவு?" என்பாருக்கு வேறொரு விலையும் சொல்லப்படுதல் உண்டு, பின்னதே உயர்ந்தது என்று கூற வேண்டியதில்லை.

எஞ்சுவது ஓர் இலக்கணச் சிக்கல். ஈற்றிலுள்ள 'தான்' பெயரின் உறுப்பா, தேற்றப்பொருள் தரும் இடைச்சொல்லா என ஐயுற்று, 'மங்குஸ்' என்றொரு பழம் உண்டெனக் கொள்வாரும் உளர். "இது மங்குஸ்தானா?" என வினவுவாருக்கு "மங்குஸ்தான்தான்" என விடையிறுக்கும் கடைக்காரர், இரண்டு 'தான்'களையும் அடுத்தடுத்து நிறுத்தி, இச்சிக்கலை நாள்தோறும் தீர்த்துவருகிறார்.